சீமைக் கருவேல மரத்திலிருந்து எரிபொருள் மூலப்பொருள்: ஆய்வகத்தில் முதன்முறையாக இறங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

மரத்தூளை நீர்த்த கந்தக அமிலத்தோடு மூடிய கலனில் 180 டிகிரி செல்சியஸில் வைத்தால், ஒரு மணி நேரத்துக்குள் அதன் சர்க்கரைப் பகுதி உடைந்து, எரிபொருள் தயாரிப்புக்கு மூலப்பொருள்களாகும் ஃபர்ஃபுராலாகவும் லெவுலினிக் அமிலமாகவும் மாறத் தொடங்கிவிடும். அந்த ஒரு மணி நேரத்தில் உள்ளே என்ன நடந்தது என்பதை நம்பத்தக்க எண்களில் சொல்லும் நிலைக்கு வர எனக்குப் பதினான்கு மாதங்கள் ஆயின. அவற்றுள் வேதியியல் புரியாமல் கழிந்த நாட்கள் குறைவு. ஈரப்பதத்தை அளக்காமல் விட்டதாலும், கொள்முதல் தாள்களைக் காலம் கடந்து அனுப்பியதாலும், பகுப்பாய்வுக் கருவிக்கு முன்பதிவு செய்யாமலே மாதிரிகளைத் தயாரித்துக் குவித்ததாலும் வீணான நாட்களே மிகுதி. முதுகலைத் திட்டத்துக்காகவோ முனைவர் பட்ட ஆய்வுக்காகவோ சிறு நிறுவனம் தொடங்கும் எண்ணத்தோடோ இந்த வேலைக்கு வரும் நீங்கள் அந்த மாதங்களை இழக்க வேண்டியதில்லை என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சீமைக் கருவேலத்தை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களில் அது எளிதில் கிடைக்கிறது. பெரும்பாலும் விறகாகவும் கரிமூட்டத்துக்கும் போகிறது. அது அகன்ற இலை மர வகையைச் சேர்ந்தது என்பதால் அதன் ஹெமிசெல்லுலோஸில், அதாவது செல்லுலோஸ் அல்லாத சர்க்கரைப் பகுதியில், சைலோஸ் சர்க்கரை தொடராக இணைந்த சைலான் மிகுந்திருக்கும். ஃபர்ஃபுரால் உருவாவது அந்தச் சைலானிலிருந்துதான். சவுக்கு, தைல மரம் ஆகியவற்றுக்கும் இதே படிகள் பொருந்தும். பைன் போன்ற ஊசியிலை மரங்களில் மேனோஸ் சர்க்கரை மிகுதி, சைலோஸ் குறைவு. எனவே அவற்றிலிருந்து இதே அளவு ஃபர்ஃபுராலை எதிர்பார்க்க வேண்டாம்.

1. எந்தப் பொருள், எவ்வளவு என்பதை முதலில் எழுதி வையுங்கள்

"மரத்திலிருந்து உயிரி எரிபொருள்" என்று திட்டத்துக்குப் பெயர் வைத்துவிட்டு, சர்க்கரை, எத்தனால், ஃபர்ஃபுரால், லிக்னின் (மர இழைகளைப் பிணைத்து இறுக்கும் பொருள்) எண்ணெய் எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் எடுக்க முயல்வதுதான் புதியவர்கள் செய்யும் முதல் பிழை. ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு கலனும் பகுப்பாய்வும் அனுமதியும் வேண்டும். முதல் ஆண்டுக்கு ஃபர்ஃபுரால், லெவுலினிக் அமிலம் ஆகிய இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இவ்விரண்டும் தாமே எரிபொருள் ஆகா. ஃபர்ஃபுராலுக்கு ஹைட்ரஜன் ஏற்றினால் மெத்தில்ஃபியூரான் போன்றவை கிடைக்கும். லெவுலினிக் அமிலத்தை எத்தனாலோடு சேர்த்தால் டீசலில் கலக்கத்தக்க எத்தில் லெவுலினேட் கிடைக்கும். அந்த அடுத்த படிகளுக்கு இப்போது கை வைக்க வேண்டாம்.

பிறகு, அதிகபட்சமாக எவ்வளவு கிடைக்கும் என்று கணக்கிடுங்கள். நூறு கிராம் உலர்ந்த மரத்தில் சைலான் 15 கிராம் இருப்பதாகக் கொள்வோம். அது நீரை ஏற்று முழுதும் சைலோஸாக மாறினால் ஏறக்குறைய 17 கிராம். அந்தச் சைலோஸ் மூன்று நீர் மூலக்கூறுகளை இழந்து முழுதும் ஃபர்ஃபுரால் ஆனால் 10.9 கிராம். தொழிற்சாலைகளிலேயே இதில் பாதி கிடைத்தால் நிறைவு கொள்கிறார்கள். ஆகவே உங்கள் ஏட்டில் நூறு கிராம் மரத்துக்கு 12 கிராம் ஃபர்ஃபுரால் என்று ஓர் எண் வந்தால், மகிழ்வதற்கு முன் அளவீட்டில் எங்கே பிழை என்று தேடுங்கள். அதேபோலச் செல்லுலோஸ் 40 கிராம் இருந்தால் 44.4 கிராம் குளுக்கோஸ் வரும். அதிலிருந்து கிடைக்கக்கூடிய லெவுலினிக் அமிலத்தின் மேல் எல்லை 28.6 கிராம். இந்த எண்களை ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருந்தால் என் முதல் நான்கு மாத முடிவுகளில் பாதியை அன்றே ஒதுக்கியிருப்பேன்.

2. தாள் வேலையை மரம் வெட்டும் முன்பே தொடங்குங்கள்

கந்தக அமிலத்தை எந்த ஆய்வகத்திலும் உள்ள சாதாரணப் பொருள் என்று எண்ணி, கடைசியில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். அமில வீச்சுக் குற்றங்களைத் தடுக்க 2013இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணைகளுக்குப் பிறகு, விற்பவர் வாங்குபவரின் அடையாளச் சான்றையும் நோக்கத்தையும் பதிவுசெய்ய வேண்டும். கல்வி நிறுவனமும் ஆய்வகமும் பயன்பாட்டுப் பதிவேடு வைத்து அதை உட்கோட்ட நடுவரிடம், அதாவது நம் ஊர்களில் வருவாய்க் கோட்டாட்சியரிடம், அளிக்க வேண்டும். அமிலத்தை வைத்துப் பாதுகாக்க ஒருவர் பொறுப்பாளராக இருக்க வேண்டும். உங்கள் துறையில் அந்தப் பொறுப்பாளர் யார், பதிவேடு எங்கே இருக்கிறது என்று முதல் வாரத்திலேயே கேளுங்கள். இல்லையென்றால் துறைத் தலைவரிடம் எழுத்து மூலம் கேட்டுத் தொடங்கச் செய்யுங்கள்.

எத்தனால் இன்னும் கடினம். மரத்திலுள்ள பிசின், சாயம் போன்ற கரையும் பொருள்களைப் பிரித்தெடுக்க எத்தனால் வேண்டும். எத்தனாலும் மெத்தனாலும் மதுவிலக்கு, ஆயத்தீர்வைத் துறையின் உரிமத்துக்கு உட்பட்டவை. நிறுவனத்துக்கு ஏற்கெனவே உரிமமும் ஆண்டு ஒதுக்கீடும் இருந்தால், அந்த ஒதுக்கீட்டில் உங்களுக்கு எத்தனை லிட்டர் என்பதைப் பண்டகசாலையில் முன்கூட்டியே பதிந்துவிடுங்கள். புதிதாக உரிமம் பெற வேண்டிய நிலையென்றால் அதற்குச் சில மாதங்களை ஒதுக்குங்கள். நான் ஒதுக்கவில்லை. தூளாக்கிய மரம் மூட்டையில் காத்திருக்க, எத்தனாலுக்காக ஒரு பருவம் முழுவதும் காத்திருந்தேன்.

கொள்முதலுக்குப் பெரும்பாலான நிறுவனங்களில் மூன்று விலைப்புள்ளிகள் கேட்பார்கள். கலன், வேதிப்பொருள், தரநிலை மாதிரிகள் (ஒப்பிட்டு அளப்பதற்கான தூய பொருள்கள்) ஆகிய மூன்றையும் ஒரே கோப்பில் சேர்க்காதீர்கள். ஒன்றில் எழும் கேள்விக்காக மற்ற இரண்டும் நின்றுவிடும். ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்பு போடுங்கள். விலைப்புள்ளியில் சரக்கு, சேவை வரி தனியே காட்டப்பட்டுள்ளதா என்றும், விலைப்புள்ளி செல்லுபடியாகும் நாள் கோப்பு ஒப்புதலாகும் நாளைத் தாண்டி இருக்கிறதா என்றும் பாருங்கள். முப்பது நாள் செல்லுபடியாகும் விலைப்புள்ளி, நாற்பது நாளில் ஒப்புதலாகும் கோப்புக்குப் பயன்படாது.

3. மரத்தைச் சரியான இடத்தில், சரியான மாதத்தில் எடுங்கள்

கண்மாய்க்குள்ளும் புறம்போக்கிலும் நிற்கும் சீமைக் கருவேலம் யாருக்கும் சொந்தமில்லாதது போலத் தோன்றும். அது பெரும்பாலும் ஏலம் விடப்பட்டிருக்கும். ஏலம் எடுத்தவரைக் கேட்காமல் ஒரு கிளையை வெட்டினாலும் தகராறு வரும். பட்டா நிலத்தில் எடுப்பதே எளிது. நில உரிமையாளரிடம் புல எண்ணைக் குறிப்பிட்டு ஒரு சம்மதக் கடிதம் வாங்கி, வெட்டிய நாளையும் மரத்தின் அடிச் சுற்றளவையும் அதில் எழுதிவையுங்கள். பின்னாளில் கட்டுரைக்கோ நிதி அறிக்கைக்கோ மரம் வந்த இடத்தைக் கேட்கும்போது அந்த ஒரு தாள் போதும்.

நாட்டுக் கருவேலத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் நிற உருண்டை. சீமைக் கருவேலத்தின் பூ நீண்ட கதிர். கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென் மண்டல மையத்துக்கு இலை, பூ, காயோடு கூடிய உலர் மாதிரியை அனுப்பி அடையாளச் சான்று பெறுங்கள். இதைப் பூக்காலம் முடியும் முன் செய்துவிட வேண்டும். நீண்டகாலமாகப் புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா என்று வழங்கிய தாவரவியல் பெயரை 2022இல் வந்த வகைப்பாடு நெல்டுமா ஜூலிஃப்ளோரா என்று மாற்றியிருக்கிறது. பழைய கட்டுரைகளைத் தேடுவதற்குப் பழைய பெயரும், எழுதுவதற்கு இரு பெயர்களும் வேண்டும்.

மாசி முதல் வைகாசி வரை எடுப்பது நல்லது. வடகிழக்குப் பருவமழையில் எடுத்த மரம் காய்வதற்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். பூஞ்சணம் முதலில் தின்பது உங்களுக்கு வேண்டிய சர்க்கரையைத்தான். ஓராண்டு வேலை முழுவதற்கும் பத்து கிலோ தூள் போதும். ஒரே நாளில், ஒரே மரத்திலிருந்து அல்லது அருகருகே நிற்கும் இரண்டு மூன்று மரங்களிலிருந்து எடுத்து ஒன்றாகக் கலந்துவிடுங்கள். பாதி வேலையில் தூள் தீர்ந்து வேறு மரத்திலிருந்து எடுத்தால், அதுவரை செய்த அளவீடுகளோடு புதியவற்றை ஒப்பிட முடியாது. தடித்த கையுறை அணியுங்கள். அந்த முள் குத்தினால் சீழ் பிடிக்கும்.

4. பட்டை, தூள், ஈரம்

பட்டையை முழுதும் உரித்துவிடுங்கள். பட்டையிலும் ஒட்டிய மண்ணிலும் உள்ள சாம்பல் சத்து காரத்தன்மை உடையது. நீங்கள் ஊற்றும் ஒரு சதவீத அமிலத்தின் ஒரு பகுதியை அது தின்றுவிடும். பிறகு அமிலம் ஒரு சதவீதம் என்று எழுதியிருப்பீர்கள். உள்ளே இருப்பது அதைவிடக் குறைவாக இருக்கும். வைரத்தையும் (நடுவிலுள்ள கடின மரம்) வெளிப்புற வெள்ளை மரத்தையும் தனித்தனியே வைக்க வேண்டுமா, கலக்க வேண்டுமா என்பதையும் இப்போதே முடிவுசெய்யுங்கள். சீமைக் கருவேலத்தின் வைரத்தில் கரையும் பொருள்கள் மிகுதி. கலந்தால் அதே விகிதத்தில் எப்போதும் கலந்திருக்க வேண்டும்.

மரம் அறுக்கும் மில்லில் சீவல்களாக்கி, பிறகு அரைவை எந்திரத்தில் அரைக்கலாம். இந்த மரம் கடினமானது; வீட்டு மிக்ஸியில் அரைக்க முயன்றால் தூள் சூடாகிக் கருகல் வாடை வரும். அந்தத் தூளைப் பயன்படுத்தக் கூடாது. சல்லடையில் 0.18 மில்லிமீட்டருக்கும் 0.85 மில்லிமீட்டருக்கும் இடைப்பட்ட தூளை எடுங்கள். மிக நுண்ணிய தூளில் சாம்பல் சேர்ந்திருக்கும், பருத்த தூளுக்குள் அமிலம் நேரத்துக்குப் போய்ச் சேராது.

ஈரப்பதத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். எல்லாக் கணக்கும் உலர்ந்த மரத்தின் எடையில் நிற்கிறது. நீங்கள் எடைபோடும் ஒரு கிராம் தூளில் 0.09 கிராம் தண்ணீராக இருந்தால், அதைக் கழிக்காமல் போட்ட ஒவ்வொரு கணக்கும் ஒன்பது சதவீதம் பிழை. கடலோர மாவட்டத்தில் அந்த ஈரமும் நாளுக்கு நாள் மாறும். மூட்டையிலுள்ள தூளை 45 டிகிரி அளவில் காயவைத்துப் பத்து சதவீதத்துக்குக் கீழே கொண்டுவாருங்கள். காற்றுப் புகாத டப்பாக்களில் பிரித்து அடையுங்கள். ஒவ்வொரு முறை எடைபோடும் நாளிலும் அதே டப்பாவிலிருந்து இன்னொரு சிறு பங்கை எடுத்து, 105 டிகிரியில் எடை மாறாத வரை காயவைத்து, அன்றைய ஈரப்பதத்தைக் குறித்துவையுங்கள். 105 டிகிரியில் காய்ந்த அந்தப் பங்கை வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள். அந்தச் சூட்டில் மரத்தின் அமைப்பு இறுகிவிடும், இழந்தது ஈரம் மட்டும் என்று சொல்லவும் முடியாது.

5. மரத்தில் என்ன இருக்கிறது என்பதை நீங்களே அளங்கள்

வேறொருவர் கட்டுரையிலிருந்து செல்லுலோஸ், லிக்னின் அளவுகளை எடுத்துப் போட்டுக்கொள்ளும் ஆசை வரும். கூடாது. மண், வயது, வெட்டிய மாதம் எல்லாம் அந்த அளவுகளை மாற்றும்.

என்ஆர்இஎல் என்று அறியப்பட்ட, 2025இல் ராக்கீஸ் தேசிய ஆய்வகம் என்று பெயர் மாறிய, அமெரிக்கத் தேசியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆய்வகத்தின் செய்முறை ஏடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன, அவற்றையே பின்பற்றுங்கள். சுருக்கம் இதுதான்: முதலில் நீரிலும் பிறகு எத்தனாலிலும் கரைப்பானைத் திரும்பத் திரும்பக் கொதிக்கவைத்துத் தூள் வழியே இறக்கும் சாக்ஸ்லெட் கருவி மூலம் கரையும் பொருள்களை நீக்க வேண்டும். மீந்த தூளில் 300 மில்லிகிராமை 72 சதவீதக் கந்தக அமிலம் 3 மில்லிலிட்டரில், 30 டிகிரியில், ஒரு மணி நேரம் வைத்து அவ்வப்போது கிளற வேண்டும். பிறகு 84 மில்லிலிட்டர் நீர் சேர்த்து 4 சதவீதமாக்கி, 121 டிகிரியில் ஒரு மணி நேரம் ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தக் கலன்) வைக்க வேண்டும். வடிகட்டியில் நிற்பது லிக்னின். கீழே இறங்குவது சர்க்கரை.

இதில் நம் ஊருக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. 30 டிகிரி என்பது குளிர்நாட்டு ஆய்வகத்தில் சற்றுச் சூடேற்றினால் கிடைக்கும் வெப்பநிலை. சித்திரை மாதத்தில் நம் ஆய்வகம் 38 டிகிரியில் இருக்கும்போது, வெறும் நீர்த்தொட்டி அதைக் குளிர்விக்காது. திரையில் 30 என்று குறித்தாலும் நீர் 37இல் நிற்கும். அந்தச் சூட்டில் 72 சதவீத அமிலம் சர்க்கரையைக் கூடுதலாகச் சிதைக்கும். செல்லுலோஸ் குறைவாகவும் லிக்னின் மிகுதியாகவும் தெரியும். குளிரூட்டும் வசதியுள்ள தொட்டியைத் தேடுங்கள். இல்லையென்றால் குளிரூட்டிய அறையில் செய்து, வெப்பநிலைமானியை நீருக்குள் இட்டுப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

கரையும் பொருள்களை நீக்கும் படியை எத்தனால் இல்லை என்பதற்காகத் தாண்டிவிடாதீர்கள். அவை லிக்னினோடு சேர்ந்து எடைபோடப்பட்டு, மரத்தில் லிக்னின் அளவுக்கு மீறி இருப்பதாகக் காட்டும். கணக்கிடும்போது குளுக்கோஸை 0.90 ஆலும் சைலோஸை 0.88 ஆலும் பெருக்கியே செல்லுலோஸாகவும் சைலானாகவும் மாற்ற வேண்டும்.

6. கலன்: எல்லா முடிவுகளையும் தீர்மானிக்கும் கொள்முதல்

நிதி குறைந்தவர்களுக்கு எளிதில் கிடைப்பது, எஃகு உறைக்குள் டெஃப்லான் குவளை வைத்த சிறு கலன். நூறு மில்லிலிட்டர் கலனுக்கு நான் வரி நீங்கலாக ஐயாயிரத்துச் சொச்சம் ரூபாய் கொடுத்தேன். 220 டிகிரி வரை தாங்கும் என்று விற்பார்கள். 200க்கு மேல் போகாதீர்கள். டெஃப்லான் அந்தச் சூட்டில் மெல்ல உருவம் தளர்ந்து, சில பயன்பாடுகளுக்குப் பின் மூடி சரியாகப் பொருந்தாது, கசியும். 180 டிகிரியில் நீராவி அழுத்தம் ஏறக்குறைய 10 பார், 200 டிகிரியில் 15 பாருக்கு மேல். கசிவு சிறியது என்று விட்டுவிடும் அழுத்தம் அன்று. குவளையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பவே கூடாது.

டெஃப்லான் இல்லாத வெறும் எஃகுக் கலனில் சூடான நீர்த்த கந்தக அமிலத்தை வைக்காதீர்கள். 316 வகை எஃகும் அரிக்கப்படும். கரைசல் பச்சை சாயலில் வெளியே வந்தால் குரோமியமும் நிக்கலும் கரைந்துவிட்டன என்று பொருள். குரோமியம் தானே சர்க்கரையின் மாற்றத்தைத் தூண்டும் வினையூக்கி என்பதால், உங்கள் முடிவு அமிலத்தால் வந்ததா உலோகத்தால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. விளைச்சலைக் கூட்டச் சோற்றுப்பு சேர்க்கும் முறையைப் படித்துவிட்டு அதை எஃகுக் கலனில் முயல்வது இன்னும் கெடுதல்; குளோரைடு எஃகில் குழிக்குழியாக அரித்துவிடும். அரிப்பைத் தாங்கும் நிக்கல் கலப்புலோகமான ஹேஸ்டலாயில் செய்த கலன் இந்த வேலைக்கு ஏற்றது, ஆனால் விலை பல இலட்சம். அருகிலுள்ள ஆய்வு நிறுவனத்தில் இருந்தால் நாள் வாடகைக்குக் கேளுங்கள்.

இனி, என்னிடமிருந்து ஒரு மாத உழைப்பைப் பறித்த பொறி. டெஃப்லான் வெப்பத்தை எளிதில் கடத்தாது. 180 டிகிரிக்கு வைத்த ஓவனுக்குள் குளிர்ந்த கலனை வைத்து, முப்பது நிமிடத்தில் எடுத்து, "180 டிகிரி, 30 நிமிடம்" என்று எழுதினேன். உள்ளே உள்ள கரைசல் அதற்குள் அந்த வெப்பநிலையைத் தொட்டிருக்கவே இல்லை. கலனை வாங்கியதும் முதல் வேலையாக, அதைப் பல கால அளவுகளுக்கு ஓவனில் வைத்து எடுத்து, சைலோஸ் கரைசலின் மாற்றத்தை அளந்து, சூடேறும் நேரம் எவ்வளவு என்று அறிந்துகொள்ளுங்கள். எண்ணெய்த் தொட்டியில் வைத்தால் இந்தக் காலம் குறையும். தொழிற்சாலை முறைகளில் முதல் கட்டம் 210 முதல் 220 டிகிரியில் பன்னிரண்டு வினாடிகளே என்று படிப்பீர்கள். அந்த எண்ணை ஓவனில் வைக்கும் கலனுக்குப் பொருத்த வழியே இல்லை.

7. வினை நிலைகளைக் குறைவாகத் தேர்ந்தெடுங்கள்

மூன்று வெப்பநிலை, மூன்று கால அளவு, இரண்டு அமிலச் செறிவு என்றால் 18 நிலைகள். ஒவ்வொன்றையும் மூன்று முறை செய்தால் 54 ஓட்டங்கள். ஒரு கலனில் ஒரு நாளைக்கு ஓர் ஓட்டம்தான் முடியும். எனவே ஒரே வகைக் கலன்களை மூன்று வாங்குங்கள். தொடக்கத்துக்கு 160, 170, 180 டிகிரியும், ஒன்று, இரண்டு சதவீத அமிலமும் போதும். வெப்பநிலை பத்து டிகிரி ஏறினால் வினை வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்ற தோராயத்தை மனத்தில் வையுங்கள்: 160 டிகிரியில் 40 நிமிடமும் 170 டிகிரியில் 20 நிமிடமும் ஏறத்தாழ ஒன்றே. கால அளவுகளை இப்படிப் பார்த்துத் தேர்ந்தால் ஒரே கடுமையை, அதாவது வெப்பமும் காலமும் சேர்ந்து தரும் ஒரே தாக்கத்தை, இரண்டு முறை அளந்து நேரத்தை வீணாக்க மாட்டீர்கள்.

காலம் நீள நீள ஃபர்ஃபுரால் கூடிக்கொண்டே போகாது. உருவான ஃபர்ஃபுரால் சர்க்கரையோடும் தன்னோடும் சேர்ந்து ஹியூமின் எனப்படும் கரையாத கறுப்புப் பொருளாகும். லெவுலினிக் அமிலம் அப்படிச் சிதையாமல் நிற்கும் என்பதால் இரண்டுக்கும் உகந்த நேரம் ஒன்றாக இருக்காது. இரண்டையும் ஒரே ஓட்டத்தில் உச்சத்துக்குக் கொண்டுவர முயல வேண்டாம். குறைந்த கடுமையில் ஃபர்ஃபுராலை எடுத்துவிட்டு, மீந்த திண்மத்தை அதிகக் கடுமையில் மீண்டும் வைப்பதே நேரான வழி.

அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும். இதைத் தெரிந்தவர்களும் அவசரத்தில் மறக்கிறார்கள்.

8. திறப்பதும் சேமிப்பதும்

கலன் அறை வெப்பநிலைக்கு வரும்வரை திறக்காதீர்கள். காயப்படுவீர்கள் என்பது முதல் காரணம். ஃபர்ஃபுரால் நீராவியோடு எளிதில் வெளியேறிவிடும் என்பது இரண்டாவது. வெதுவெதுப்பாகத் திறந்த கலனிலிருந்து எழும் வாதுமை மணம் உங்கள் விளைச்சல்தான். அதன் ஆவி நச்சு. புகைப்போக்கிப் பெட்டிக்குள்ளேயே திறங்கள். சாதாரண நைட்ரைல் கையுறையை ஃபர்ஃபுரால் விரைவில் ஊடுருவும். பியூட்டைல் ரப்பர் கையுறை வாங்குங்கள்.

கரைசலை வடிகட்டி, மீந்த திண்மத்தைக் கழுவி, உலர்த்தி, எடைபோட்டு வையுங்கள். எறிந்துவிடாதீர்கள், பத்தாம் படியில் அது வேண்டும். கரைசலை 0.2 மைக்ரான் வடிகட்டியில் செலுத்தி, நிறமுள்ள சிறு குப்பிகளில் விளிம்பு வரை நிரப்பி, உறைநிலையில் வையுங்கள். ஃபர்ஃபுரால் வெளிச்சத்திலும் காற்றிலும் கறுத்துச் சிதையும். தூதஞ்சலில் அனுப்ப வேண்டாம். நேரில், பனிக்கட்டிப் பெட்டியில் கொண்டுபோங்கள்.

9. பகுப்பாய்வு: பணமும் நாளும் போகும் இடம்

கல்லூரிகளில் சர்க்கரை என்றாலே நிறமாற்றத்தைக் கொண்டு அளக்கும் டிஎன்எஸ் முறையைக் கைகாட்டுவார்கள். அது ஒடுக்கும் சர்க்கரைகள் எல்லாவற்றையும் ஒன்றாகக் காட்டும். ஃபர்ஃபுரால் கலந்த கரைசலில் அதுவும் தவறிப்போகும். புறஊதா நிறமாலைமானியில் 277 நானோமீட்டரில் ஃபர்ஃபுராலை அளக்கலாம் என்பதும் பாதி உண்மை. குளுக்கோஸிலிருந்து வரும் ஹைட்ராக்ஸிமெத்தில்ஃபர்ஃபுரால் 284இல் உச்சம் காட்டும். இரண்டும் கலந்தால் நீங்கள் பார்ப்பது கூட்டுத்தொகை. தினசரி ஒப்பீட்டுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

எச்பிஎல்சி, அதாவது கரைசலை ஒரு தூண் வழியே செலுத்தி அதிலுள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவி, வேண்டும். அமினெக்ஸ் 87எச் வகைத் தூணில், 5 மில்லிமோலார் கந்தக அமிலம் நிமிடத்துக்கு 0.6 மில்லிலிட்டர் ஓட, ஒளிவிலகல் உணரி இருந்தால், குளுக்கோஸ், சைலோஸ், ஃபார்மிக், அசெட்டிக், லெவுலினிக் அமிலங்கள், ஃபர்ஃபுரால் எல்லாம் ஒரே ஓட்டத்தில் தெரியும். ஃபர்ஃபுரால் 40 நிமிடத்தைக் கடந்தே வெளிவரும். கருவி இயக்குபவர் வழக்கமான முப்பது நிமிடத்தில் ஓட்டத்தை நிறுத்தினால், உங்கள் ஃபர்ஃபுரால் அடுத்த மாதிரியின் நடுவே ஓர் அகன்ற மேடாக வரும். எனக்கு வந்த முதல் அறிக்கையில் ஃபர்ஃபுரால் சுழியம் என்று இருந்ததற்குக் காரணம் இதுவே. ஒரு மணி நேர ஓட்டம் வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். இந்தத் தூணில் சைலோஸ், மேனோஸ், கேலக்டோஸ் மூன்றும் ஒன்றாக வரும் என்பதையும் அறிந்திருங்கள்.

உங்கள் நிறுவனத்தில் கருவி இல்லையென்றால், ஒன்றிய அரசின் ஐ-ஸ்டெம் தளத்தில் எந்த நிறுவனத்தில் எந்தக் கருவி வாடகைக்குக் கிடைக்கும் என்று தேடலாம். கருவி இருப்பதும் அந்தத் தூண் இருப்பதும் வேறு வேறு. முன்பதிவுக்கு முன் தொலைபேசியில் தூணின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். நான் ஒரு மாதிரிக்கு 700 ரூபாய் செலுத்தினேன். 54 கரைசல்கள், 54 திண்மங்கள், மறுமுறை செய்தவை, தரநிலை மாதிரிகள் எல்லாம் சேர்ந்து 150 ஆயின: 1,05,000 ரூபாய், 18 சதவீத வரியோடு 1,23,900. மரமும் அமிலமும் கலனும் சேர்ந்து அதில் கால் பங்குகூட ஆகவில்லை. நிதி கேட்கும் விண்ணப்பத்தில் பகுப்பாய்வுக்கென்று தனித் தலைப்பு போடுங்கள். "இதர செலவு" என்பதற்குள் அதை அடைத்தால் தணிக்கையில் நிற்கும்.

10. கணக்கு நேர்படுகிறதா என்று பாருங்கள்

குளுக்கோஸிலிருந்து லெவுலினிக் அமிலம் ஒரு மூலக்கூறு உருவாகும்போது ஃபார்மிக் அமிலமும் ஒரு மூலக்கூறு உருவாகும். எடையில், ஒரு கிராம் லெவுலினிக் அமிலத்துக்கு ஃபார்மிக் அமிலம் 0.40 கிராமாவது இருக்க வேண்டும். அதைவிட வெகுவாகக் குறைந்தால் எச்பிஎல்சி வரைபடத்தில் ஏதோ ஓர் உச்சத்தைத் தவறாக அடையாளம் கண்டிருக்கிறீர்கள். இன்னொரு சோதனை அசெட்டிக் அமிலம். அசெட்டிக் அமிலமாகப் பிரியும் மரத்தின் அசெட்டைல் பகுதி முழுதும் பிரிந்தபின் அது கூடவோ குறையவோ செய்யாது. கடுமையான நிலைகளின் மாதிரிகளில் அது ஏறி இறங்கினால், கரைசலின் கன அளவை நீங்கள் சரியாக அளக்கவில்லை.

மீந்த திண்மத்தில் லிக்னினை அளந்தபோது, தொடக்கத்தில் மரத்தில் இருந்ததைவிடக் கூடுதலாக வந்தது. வாரக்கணக்கில் எடைத் தராசைச் சந்தேகித்தேன். ஹியூமினும் அமிலத்தில் கரையாது என்பதால் லிக்னினாக எடைபோடப்படுகிறது. போலி லிக்னின் என்றே இதைக் குறிப்பிடுகிறார்கள். உங்களுக்கும் இது வரும். அந்தக் கூடுதல், காணாமற்போன சர்க்கரைக்குக் கிடைத்த ஒரு சுவடு, மறைக்காமல் எழுதுங்கள்.

11. கழிவு

அமிலக் கரைசலைச் சுண்ணாம்பு இட்டு நடுநிலையாக்கிவிட்டால் கழுவுதொட்டியில் ஊற்றிவிடலாம் என்று சொல்வார்கள். அமிலம் போனாலும் ஃபர்ஃபுரால் போகவில்லை. அதை மூடிய கலத்தில், பெயரும் தேதியும் எழுதி, கரைப்பான் கழிவோடு கலக்காமல் சேர்த்துவையுங்கள். 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின்படி இருப்பு வைக்கும் காலம் 90 நாள். நிறுவனம் யார் மூலம் கழிவை அனுப்புகிறது என்பதை வேலை தொடங்கும் முன்பே கேட்டறியுங்கள். பிறகு கேட்டால் நிரம்பிய கேன்களோடு நிற்க நேரும். சிறு நிறுவனமாக வளர எண்ணுவோருக்கு, சோதனை ஆலை அளவுக்குப் போகும்போது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நிறுவ இசைவும் இயக்க இசைவும் தேவைப்படும். அப்போது இந்தக் கழிவுப் பதிவேடே முதல் ஆவணமாகும்.

12. ஓராண்டை எப்படிப் பிரிப்பது

தை மாதத்தில் அமிலப் பதிவேடு, எத்தனால் ஒதுக்கீடு, கலனுக்கான கோப்பு மூன்றையும் ஒரே வாரத்தில் நகர்த்துங்கள். மாசி, பங்குனியில் மரம் எடுத்து, அரைத்து, காயவைத்து அடையுங்கள். சித்திரையிலும் வைகாசியிலும் மரத்தின் உட்கூறு அளவீடும், கலன் சூடேறும் நேர அளவீடும். எச்பிஎல்சிக்கான முன்பதிவை வைகாசியிலேயே போட்டு, ஆடி முதல் மூன்று தவணையாக நாள் வாங்குங்கள். 150 மாதிரிக்கு 150 மணி நேரக் கருவி ஓட்டம், பொதுக் கருவியில் அது ஒரே வாரத்தில் கிடைக்காது. ஆனி முதல் புரட்டாசி வரை வினை ஓட்டங்கள். ஒவ்வொரு தவணையின் முடிவையும் பார்த்தபிறகே அடுத்த நிலைகளைத் தொடங்குங்கள். ஐப்பசியில் மழை தொடங்கிக் காற்றில் ஈரம் ஏறுமுன் எடைபோடும் வேலைகள் முடிந்திருக்கட்டும்.

இவ்வளவும் முடிந்து, மூன்று முறை செய்த ஓட்டங்களின் எண்கள் ஒன்றுக்கொன்று ஐந்து சதவீதத்துக்குள் நின்றால், ஹைட்ரஜன் ஏற்றும் படியைப் பற்றி நினைக்கலாம். அதற்கும் ஹைட்ரஜன் உருளையில் தொடங்காதீர்கள்; உருளைக்கு வேண்டிய சேமிப்பு அறையும் கசிவு உணரியும் அனுமதியும் இன்னோர் ஆண்டைக் கேட்கும். ஐசோபுரோப்பனாலையே ஹைட்ரஜன் தரும் பொருளாகக் கொண்டு ஃபர்ஃபுராலை ஃபர்ஃபுரைல் ஆல்கஹாலாக மாற்றும் முறை இருக்கிறது. நீங்கள் ஏற்கெனவே வாங்கி, சூடேறும் நேரம் அறிந்துவைத்திருக்கும் அதே டெஃப்லான் கலனிலேயே அதைச் செய்யலாம். முதலில் கடையில் வாங்கிய தூய ஃபர்ஃபுராலில் செய்து பாருங்கள். மரத்திலிருந்து நீங்கள் எடுத்ததை அதற்குப் பிறகு வையுங்கள்.